வைரத்தைக் குளிர வைப்பது எதற்கு?

வணக்கம் சார்,

மகள் நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் எடுக்கப் போனோம். கடைக்காரர் இரண்டு கற்களை அருகருகே வைத்தார். ஒன்று பூமியில் கிடைத்தது, இன்னொன்று லேபில் வளர்த்தது. விலை வித்தியாசம் தலை சுற்ற வைக்கிறது, கண்ணுக்கோ ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "பரிசோதனை லேபில் கல்லைத் திரவ நைட்ரஜனில் முக்கி லேசர் அடிப்பார்கள், உள்ளே இருக்கிற குறை ஒளிரும், அதை வைத்துச் சொல்லிவிடுவார்கள்" என்றார். குறையில்லாத வைரம்தானே நன்றாக ஒளிர வேண்டும், குறை எப்படி ஒளிரும்? அதற்கு எதற்குக் குளிர வைக்க வேண்டும்? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கடைக்காரர் சொன்னது சரி. நீங்கள் ஜொலிப்பையும் ஒளிர்வையும் ஒன்றாக்கிவிட்டீர்கள், எல்லோரும் செய்வதுதான். ஜொலிப்பு என்பது வெளியிலிருந்து போன வெளிச்சம் பட்டைகளில் பட்டு மடங்கித் திரும்பி வருவது. ஒளிர்வு என்பது கல்லுக்குள்ளேயே பிறக்கிற வெளிச்சம். அதற்குக் குறை வேண்டும்.

வைரமும் ஒரு குறைக்கடத்திதான் (செமிகண்டக்டர்), ஆனால் மிக அகலமான ஆற்றல் இடைவெளி கொண்டது. அதில் ஒரு எலக்ட்ரானை மேலே ஏற்ற சுமார் 5.5 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஊதாவிடம்கூட 3 சொச்சம்தான் இருக்கிறது. அதனால் சுத்தமான வைரத்தில் பச்சை லேசர் அடித்தால் ஒன்றுமே நடக்காது, இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துவிடும். ஆனால் படிகத்தில் ஒரு கார்பன் அணு இல்லாமல் போய், அந்தக் காலியிடத்துக்குப் பக்கத்தில் ஒரு நைட்ரஜன் வந்து உட்கார்ந்துவிட்டால், அந்தப் பெரிய இடைவெளிக்கு நடுவே சின்னச் சின்னப் படிகள் கிடைக்கின்றன. லேசர் எலக்ட்ரானை அந்தப் படியில் ஏற்றுகிறது, அது இறங்கும்போது சிவப்பு வெளிச்சம் விடுகிறது. அந்த வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் (அதுதான் நிறமாலை) ஒவ்வொரு குறையும் தனக்கென்று ஒரு அலைநீளத்தில் கோடாகத் தெரியும்: நைட்ரஜனும் காலியிடமும் சேர்ந்தால் 575 அல்லது 637 நானோமீட்டர் (எந்த மின்னூட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து), ஒரு காலியிடத்தை மூன்று நைட்ரஜன் சூழ்ந்தால் 415, சிலிக்கான் அணு இரண்டு காலியிடங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் 737. நம் ஊர் ரத்தினப் பரீட்சைக்காரர்கள் காகபாதம், களங்கம், விந்து என்று தோஷங்களுக்குப் பெயர் வைத்தார்கள், இவர்கள் எண் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, குளிர் எதற்கு? குண்டும் குழியுமான சாலையில் ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கை சரியாகத்தான் போடும், கோடு நடுங்கித் தடித்துவிடும். அறை வெப்பத்தில் படிகத்தின் அணுக்கள் எல்லாம் ஆடிக்கொண்டே இருக்கின்றன, குறையிலிருந்து வரும் ஒளிக்கோடும் அதோடு சேர்ந்து அகன்றுவிடுகிறது. சிலிக்கான் குறையின் கோடு அறை வெப்பத்தில் 5 நானோமீட்டர் அகலத்துக்கு ஒரே கோடாக வழியும். திரவ நைட்ரஜனில், அதாவது மைனஸ் 196 டிகிரியில், அதே கோடு 736.6, 736.9 என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே வெறும் 0.3 நானோமீட்டர். பல பொருட்களில் இன்னொரு லாபமும் உண்டு. வெதுவெதுப்பாக இருந்தால் எலக்ட்ரான் வெளிச்சம் விடாமல் வேறு வழியாக, வெறும் சூடாக, ஆற்றலைத் தொலைத்துவிடும். குளிர்ந்தால் அந்தக் கதவுகள் மூடிக்கொள்கின்றன. வைரம் கெட்டியான ஜாதி என்பதால் திரவ நைட்ரஜனே போதும். கேலியம் ஆர்சனைடு மாதிரி வேறு குறைக்கடத்தி என்றால் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தைத்தான் தேடிப் போக வேண்டும், அதன் செலவைச் சொன்னால் உங்கள் மோதிரம் மலிவாகத் தெரியும்.

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது இதே வேலையைக் கேலியம் நைட்ரைடு என்ற இன்னொரு குறைக்கடத்தியின் படலத்தில் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் பச்சையும் மஞ்சளுமாக நிறமாலையில் ஒரு பெரிய மேடு வந்தது. புதுக் குறை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மூன்று நாள் தரையில் கால் படவில்லை. நாலாம் நாள் கைடு எட்டிப் பார்த்துவிட்டு, "படலத்தை எடுத்துட்டு, ஒட்டின பசையை மட்டும் வெச்சு அளந்து பாரேன்" என்றார். அளந்தேன். அதே மேடு, இன்னும் கொஞ்சம் உயரமாக.

உங்கள் கல்லுக்கு வருகிறேன். லேபில் வாயுவிலிருந்து அடுக்கடுக்காக வளர்க்கும் முறையில், உலையின் குவார்ட்ஸ் ஜன்னலைப் பிளாஸ்மா கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, அதிலிருந்து சிலிக்கான் வைரத்துக்குள் போய்விடுவது வழக்கம். இயற்கை வைரத்தில் அந்த 737 சிலிக்கான் கோடு மிக அபூர்வம். பூமிக்குள் நடப்பது வேறு கதை. சுமார் 150 கிலோமீட்டர் ஆழத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகள் சூட்டில் கிடக்கும்போது, தனித்தனியாக இருந்த நைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து இரண்டு இரண்டாக, பிறகு நாலு நாலாகச் சேர்கின்றன. அந்த வழியில் உண்டாவதுதான் மூன்று நைட்ரஜன் குறை. ஆகவே 415 கோடு கல்லின் வயதைப் பற்றியும் கொஞ்சம் பேசுகிறது. ஆனாலும் ஒரே ஒரு கோட்டை நம்பி எந்த நல்ல லேபும் தீர்ப்பு எழுதாது, எழுதவும் கூடாது. சிலிக்கான் புகாமல் வளர்க்க இப்போது கற்றுக்கொண்டுவிட்டார்கள், இயற்கையிலும் விதிவிலக்கு உண்டு.

இந்த 415-க்குப் பின்னால் நம்மவர்கள் கதை ஒன்று இருக்கிறது, எனக்கு அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1940-களில் பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் இயற்பியலாளர் அன்னா மாணி முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வை அளந்தார். கல்லைத் திரவக் காற்றின் குளிரில் வைத்து, மங்கலாக ஒளிர்கிற கற்களுக்கு ஒரு நிறமாலைத் தகடு பதிய 15 முதல் 20 மணி நேரம். பல நாட்கள் ராத்திரி முழுக்க அங்கேயே. நாங்கள் கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம். 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் அனுப்பிய ஆய்வேட்டுக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. காரணம், அவரிடம் எம்.எஸ்சி. இல்லை! தனி ஆளாக ஐந்து கட்டுரை வெளியிட்டவரிடம் கேட்ட கேள்வி அது. ராமனோ, ஒளிர்வுக்குக் காரணம் கலப்படம் அல்ல, வைரத்தின் படிக அமைப்பிலேயே அது இருக்கிறது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வைரத்தில் நைட்ரஜன் இருப்பதை 1959-இல் கைசர், பாண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ராமன் இந்த விஷயத்தில் தவறினார் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அவர் கூடத்தில் எடுத்த அளவுகள் தவறவில்லை.

வீட்டுச் சோதனை: கல்லை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், அந்தக் குளிர் இதற்குப் போதாது. ரூபாய் நோட்டுப் பார்க்கிற புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் சில கற்கள் நீலமாக ஒளிரும். அது பெரும்பாலும் இதே மூன்று நைட்ரஜன்தான், ஆனால் இயற்கை வைரங்களிலேயே பெரும்பகுதி அப்படி ஒளிராது. எனவே நீலம் வரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சான்றிதழைக் கேளுங்கள், அதிலுள்ள எண் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்திருக்கிறதா என்று லென்ஸ் வாங்கி நீங்களே பாருங்கள், அதே எண்ணைச் சான்றிதழ் கொடுத்த லேபின் இணையதளத்திலும் போட்டுப் பாருங்கள். அப்புறம், லேபில் வளர்த்த கல்லும் வைரம்தான். மகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், போடப்போவது அவள்.