கிணற்றுத் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது, பெரிய மோட்டார் வாங்கலாமா?

"வீட்டுக் கிணற்றில் பிரஷர் பம்ப் மாட்டியிருக்கிறோம். தண்ணீர் ஒரு சமயம் பீய்ச்சி அடிக்கிறது, மறுசமயம் நூல் மாதிரி வருகிறது. பெரிய மோட்டார் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். போட்டு அனுபவித்தவன் சொல்கிறேன்.

எங்களுக்கு ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். மணலில் இறக்கிய உறைகிணறு, 18 அடி. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான், "மாடித் தொட்டியெல்லாம் இன்னும் யாரு வைக்கிறா?" என்று அரை ஹெச்பி மோட்டாரும் பிரஷர் டேங்கும் (உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால் தண்ணீரைக் குழாய்க்குத் தள்ளும் தொட்டி) மாட்டிவிட்டுப் போனார். இரண்டு வருடம் குறையில்லை. அப்புறம் குழாயைத் திறந்தாலே மோட்டார் டக், டக் என்று நொடிக்கொரு தரம் ஓடி ஓடி நிற்க ஆரம்பித்தது. தண்ணீரும் அதே தாளத்தில் வந்தது. தலையில் சோப்பு நுரையோடு நின்ற நாட்கள் எத்தனையோ.

மெக்கானிக் வந்து பார்த்தார். "இழுவை பத்தல, ஒரு ஹெச்பி போடுங்க." 2023 சித்திரை வெயில், கிணற்றில் தண்ணீரே குறைவு. போட்டேன். அரை மணி நேரம் ஓடினால் புட்வால்வு (உறிஞ்சும் பைப்பின் அடிமுனை வால்வு) வெளியே தெரிந்து காற்றை இழுத்தது. இரண்டு வாரத்தில் அம்மா கேட்டார்: "பருப்புக்கு நான் இன்னும் உப்பே போடலையே, எப்படிடா கரிக்குது?"

நம் கடற்கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் என்பது கணக்கு. மேலே வேகமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். இன்னொன்று, தரையில் உட்கார்ந்திருக்கும் சாதாரண மோட்டார் ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது, அது எத்தனை ஹெச்பியாக இருந்தாலும். (போர் போட்டு நீர்மூழ்கி மோட்டார் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் கதை வேறு.)

சரி, மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ராமநாதபுரம் கிளம்பினேன். பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியிருந்த காலம் அது. 2022 டிசம்பர் முதல் 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ரயில் அக்கரையில் மண்டபத்தோடு சரி. பஸ்ஸில் மோட்டாரைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்திருந்தேன், அதற்கு லக்கேஜ் டிக்கெட்! முன் சீட்டில் இரண்டு கூடை கருவாட்டுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரரோ "தண்ணி பட்ட பொருளை வாங்க மாட்டோம்" என்றுவிட்டார். திரும்பும்போதும் லக்கேஜ் டிக்கெட்.

கடைசியில் கோளாறைக் கண்டுபிடித்தது எங்கள் தெரு பஞ்சர் கடைத் தம்பி. பிரஷர் டேங்கில் சைக்கிள் டியூபில் இருப்பது போலவே ஒரு காற்று வால்வு உண்டு. மோட்டாரை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, டயருக்குக் காற்றுப் பார்க்கும் மீட்டரை அதில் வையுங்கள். மோட்டார் 20 பிஎஸ்ஐ (மீட்டர் காட்டும் அழுத்த அளவு)-யில் ஓட ஆரம்பிக்கிறது என்றால் டேங்கில் காற்று 18 இருக்க வேண்டும். குறைந்திருந்தால் சைக்கிள் பம்பிலேயே அடித்துக்கொள்ளலாம். தம்பி எங்கள் டேங்கின் வால்வு ஊசியை அழுத்தினார், தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. உள்ளே காற்றையும் தண்ணீரையும் பிரித்து வைக்கும் ரப்பர் பை கிழிந்திருந்தது. அதை மாற்றியதும் டக் டக் நின்றது.

ஆனாலும் இடையிடையே குழாய் காற்றைத் துப்பியது. உறிஞ்சும் பைப்பில் ஓட்டை இருந்தால் மோட்டார் ஓடும்போது தண்ணீர் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. மூட்டுகளில் ஒவ்வொன்றாக ஈரத் துணியைச் சுற்றிப் பாருங்கள், எங்கே சுற்றும்போது துப்புவது குறைகிறதோ அங்கேதான் ஓட்டை. எங்களுக்கு உப்புக் காற்றில் அரித்துப்போன ஒரு இரும்பு நிப்பிள் (பைப்பை இணைக்கும் சின்னத் துண்டு). அதையும் பிளாஸ்டிக்கில் மாற்றிவிட்டேன்.

நான் பிளம்பர் இல்லை, உங்கள் வீட்டில் கரண்ட் வோல்டேஜ்கூடக் காரணமாக இருக்கலாம். முதலில் டேங்கில் காற்று மீட்டர் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது பழைய அரை ஹெச்பிதான் ஓடுகிறது. தண்ணீரில் கரிப்பு அடங்க மட்டும் அந்த வருட ஐப்பசி மழை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.