ரத்தம் படிந்த துணியை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கலாமா?

கேள்வி: வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் யாரோ ஜன்னல் கண்ணாடியை உடைத்துத் திருடியிருக்கிறார்கள். கை கிழிந்திருக்கும்போல, திரைச்சீலையில் ரத்தம். போலீஸ் வர நேரமாகுமாம். திரைச்சீலையைக் கழற்றி பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கட்டுமா?

பதில்: வேண்டாம். கழற்றவே வேண்டாம். அறைக் கதவைச் சாத்திவிட்டு யாரையும் உள்ளே விடாதீர்கள். கண்ணாடியைப் பெருக்கவும் கூடாது. உடைக்கும்போது சில சில்லுகள் உடைப்பவர் பக்கமே தெறித்து, உடையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆள் பிடிபட்டால், அந்தச் சில்லுகளை ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் ஜன்னல் கண்ணாடி தேவைப்படும்.

ரத்தத்துக்குப் பெரிய எதிரி ஈரம். பிளாஸ்டிக் கவரைக் கட்டினால் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளே புழுங்கும்; பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகி டிஎன்ஏவைச் சிதைக்கும். அதனால்தான் தடயவியலில் இத்தகைய துணிகளை உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் வைக்கிறார்கள்.

சரி, உடைந்த ஜன்னல் வழியாக மழை அடிக்கிறது, எடுத்தே ஆக வேண்டும் என்றால்? போலீஸிடம் ஃபோனில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். முதலில் படம் எடுங்கள்: அறை முழுவதும், ஜன்னல், பிறகு கறையைக் கிட்டத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து. புதிய கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கறை இல்லாத ஓரத்தைப் பிடித்துக் கழற்றுங்கள். சுத்தமான காகிதத்தின் மேல் நிழலில் விரித்துக் காயவிடுங்கள். வெயில், ஃபேன், ஹேர் டிரையர் எதுவும் கூடாது. காய்ந்ததும் மடிப்புகளுக்கு நடுவே காகிதம் வைத்துப் புதிய காகிதப் பையில் போட்டு, வாயை டேப்பால் ஒட்டுங்கள். எடுத்தது யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று பையின் மேல் எழுதுங்கள். அப்புறம் அது யார் கைக்குப் போனாலும் அந்த விவரமும் பதிவாக வேண்டும். அந்தச் சங்கிலி நடுவில் அறுந்தால் நீதிமன்றத்தில் முதல் கேள்வியே அதுதான்.

முகக்கவசம் வரை தேவையா என்று தோன்றலாம். ஜெர்மனியில் பல ஆண்டுகளாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குற்றங்களில் எல்லாம் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கிடைத்துக்கொண்டிருந்தது. ஹைல்பிரோன் நகரில் 2007இல் ஒரு போலீஸ் அதிகாரி கொல்லப்பட்ட இடத்திலும் அதே டிஎன்ஏ. 2009இல்தான் உண்மை வெளிவந்தது. அது குற்றவாளியுடையது அல்ல. மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த பெண்ணுடையது. கிருமி நீக்கிய குச்சிகள்தான், ஆனால் கிருமி நீக்கினால் டிஎன்ஏ போய்விடாது. தொடுபவரின் டிஎன்ஏ எவ்வளவு எளிதாகத் தடயத்தில் கலக்கும் என்று பாருங்கள்.

காகிதப் பை எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீவைப்புச் சம்பவங்களில் பெட்ரோல் ஆவி தப்பிவிடாதபடி, எரிந்த பொருட்களைக் காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைப்பார்கள்.

போலீஸ் வந்ததும், நீங்களும் வீட்டாரும் எதையெல்லாம் தொட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் கைரேகையையும் டிஎன்ஏ மாதிரியையும் கேட்டால் பயப்பட வேண்டாம். கிடைத்த தடயங்களிலிருந்து வீட்டார் தடயத்தைக் கழித்துப் பார்க்கத்தான் கேட்கிறார்கள்.