கறியை விட்டவருக்குக் கறிச்சுவை எதற்கு?

கேள்வி: கறியே வேண்டாமென்று, பால், முட்டையைக்கூடத் தொடாத வீகன் ஆனவர்கள், கறி மாதிரியே ருசிக்கும் தாவரப் பர்கரைத் தேடித் தேடிச் சாப்பிடுகிறார்களே, இது என்ன நியாயம்?

பதில்: நியாயம்தான். பல வீகன்கள் ருசி பிடிக்காமல் கறியை விடவில்லை, அந்த ருசிக்காக ஓர் உயிரைக் கொல்ல மனம் வராமல் விட்டார்கள். சின்ன வயதிலிருந்து பழகிய நாக்கு ஒரே நாளில் மாறிவிடாது. அமெரிக்காவில் 2016-இல் வந்த இம்பாசிபிள் பர்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்டில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த பேட்ரிக் பிரவுன் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு அது. கறி வேகும்போது கிளம்பும் அந்த வாசனைக்கு ஹீம் என்ற இரும்பு கலந்த மூலக்கூறு ஒரு முக்கியக் காரணம். சோயா செடியின் வேர் முடிச்சுகளில் உள்ள ஒரு புரதத்திலும் ஹீம் இருக்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவை ஈஸ்டில் சேர்த்து, நொதிக்க வைத்து, வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிறார்கள். ஆடுமாடு எதுவும் சாகவில்லை, ருசியும் கிடைக்கிறது, சாப்பிடுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் இந்தப் புரதம் பாதுகாப்பானதுதானா என்று எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள், அதனாலேயே சில வீகன்கள் இந்தப் பர்கரைத் தொடுவதில்லை. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அப்புறம், உப்பும் தேங்காய் எண்ணெயும் சேர்கிற பண்டம், தினமும் வேண்டாம்.