ஊத்: இரண்டு காந்தாரங்களுக்கு நடுவில்

அன்புள்ள ஐயா,

ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். சிறுவயதில் எட்டு வருடம் வீணை கற்றவள். இங்கே ஓர் உணவகத்தில் மாலை நேரங்களில் ஒருவர் ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியத்தை வாசிக்கிறார். பிடித்திருக்கிறது. ஆனால் காந்தாரம், அதாவது மூன்றாம் ஸ்வரமான ‘க’, மட்டும் சுருதி விலகிக் கேட்கிறது. மெட்டுகள் (வீணையில் ஸ்வர இடங்களைக் காட்டப் பதித்த கட்டைகள்) இல்லாத வாத்தியம் என்பதால் வரும் பிசகா? எல்லாமே சோகமாகவும் இருக்கிறது. பாட்டுக்குத் துணை என்பதைத் தாண்டி ஊத்துக்குத் தனிக்கச்சேரி மரபு உண்டா?

கே., ஷார்ஜா

அன்புள்ள கே.,

பிசகு இல்லை. நீங்கள் கேட்டது பெரும்பாலும் ராஸ்த் என்ற மகாமாக இருக்கும். மகாம் என்பது நம் ராகத்துக்கு நெருங்கிய ஏற்பாடு. ராஸ்த்தின் மூன்றாம் ஸ்வரம் நம் ‘சாதாரண காந்தாரம்’ என்ற தாழ்ந்த காந்தாரத்துக்கும் ‘அந்தர காந்தாரம்’ என்ற உயர்ந்த காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கும். ஏழாம் ஸ்வரமான நிஷாதமும் அப்படித்தான், தாழ்ந்த கைசிகி நிஷாதத்துக்கும் உயர்ந்த காகலி நிஷாதத்துக்கும் இடையில். வீணையில் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுகள். உங்கள் காது அந்த இடங்களுக்குப் பழகியது. ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தில் நாமும் இடைப்பட்ட இடங்களைத் தொடுகிறோம், ஆனால் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். ஊத் வாசிப்பவர் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வார். அந்த இடமும் ஊருக்கு ஊர் மாறும். இஸ்தான்புல்லில் சற்று உயர்த்திப் பிடிப்பார்கள், கெய்ரோவில் கொஞ்சம் இறங்கும். மெட்டு பதித்துவிட்டால் இந்த விளையாட்டெல்லாம் போய்விடும்.

தனிக்கச்சேரிக்கு வருகிறேன். தக்ஸீம் என்று தாளமில்லாத மனோதர்ம வாசிப்பு ஒன்று உண்டு, நம் ஆலாபனை மாதிரி. வெகுகாலம் அது பாடகர் வாய் திறப்பதற்கு முன் வரும் முன்னுரையாகவே இருந்தது. மாற்றம் பாக்தாதில் வந்தது. மெக்கா அமீராக இருந்த அலி ஹைதர் பாஷாவின் மகன் முஹ்யித்தீன் ஹைதர் இஸ்தான்புல்லில் வளர்ந்தவர், வயலின் இனத்துப் பெரிய வாத்தியமான செல்லோவும் தெரிந்தவர். 1930களின் நடுவில் பாக்தாத் இசைக்கல்லூரிக்கு வந்து, செல்லோவில் கை பழகிய நுட்பங்களை ஊத்துக்குக் கொண்டுவந்தார். தனியாக வாசிப்பதற்கென்றே உருப்படிகள் எழுதினார். ஜமீல் பஷீர், அவர் தம்பி முனீர் பஷீர், சல்மான் ஷுக்ர் எல்லாரும் அவரிடம் படித்தவர்கள்.

இவர்களில் முனீரைத்தான் நீங்கள் முதலில் கேட்கவேண்டும். 1930இல் இராக்கின் மோசுலில் பிறந்தவர். பாடகர் இல்லாமல், ஒற்றை ஊத்தோடு ஐரோப்பிய மேடைகளில் அமர்ந்து சபையைக் கட்டிப்போட்டார். ஒரு சின்னப் பிடி வாசிப்பார், நிறுத்துவார். அந்த நாதம் முழுக்க அடங்கும்வரை அடுத்ததைத் தொடமாட்டார். சில இடங்களில் தந்தியைத் தொடுகிறாரா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மெல்லிசாகப் போகும். நான் கேட்டவரை இவ்வளவு துணிச்சலாக மௌனத்தைக் கையாண்ட வாத்தியக்காரர் வேறு யாருமில்லை.

சோகம் என்று நீங்கள் சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. ராஸ்த் நிமிர்ந்து நடக்கும் மகாம். நமக்குப் பழகாத அந்தக் காந்தாரத்தைத்தான் நம் காது சோகமாக எடுத்துக்கொள்கிறது என்பது என் எண்ணம். ஊத்தில் நிஜமான சோகம் கேட்கவேண்டுமென்றால் இராக்கிய ஊத் கலைஞர் நசீர் ஷம்மா இருக்கிறார். 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமிரிய்யா பதுங்குமிடத்தில் அமெரிக்கக் குண்டுகள் விழுந்து 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அதைப் பற்றி அவர் ஓர் உருப்படி செய்தார். அபாயச் சங்கின் ஓலத்தைத் தந்தியிலேயே எழுப்புகிறார். அதைக் கேட்டுவிட்டு மறுநாள் ராஸ்த்தில் ஒரு தக்ஸீம் கேளுங்கள். இரண்டும் ஒன்றென்று சொல்லமாட்டீர்கள்.

அப்புறம், கெய்ரோவில் ஷம்மா தொடங்கிய ‘பைத் அல் ஊத்’ பள்ளி அபுதாபியிலும் இருக்கிறது. ஷார்ஜாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போதும். ஒருமுறை போய்ப் பாருங்கள், முடிந்தால் சேர்ந்தே விடுங்கள். வீணை பழகிய இடது கை உங்களுக்கு உதவும். வலது கைதான் புதிதாகப் பழகவேண்டும். ரீஷா என்கிற நீளமான மீட்டுப்பட்டையை (அந்தக் காலத்தில் கழுகிறகின் தண்டு, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்) மணிக்கட்டைத் தளர்த்திப் பிடிப்பதற்குக் கொஞ்ச நாள் ஆகும்.

அன்புடன்