விலை உயர்ந்த ஸ்பீக்கருக்கு அந்தக் காசு தகுமா?

ஐயாயிரம் ரூபாய் ஸ்பீக்கருக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் நன்றாகவே கேட்கும். ஐம்பதாயிரத்துக்கும் ஐந்து லட்சத்துக்கும்? அங்கே பாதிப் பணம் பெட்டியின் மரவேலைக்கும் பெயருக்கும் போகிறது என்பது என் கணக்கு.

1994இல் ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும் கண்ணெதிரே வைத்தும் கேட்கச் செய்தார்கள். சின்ன, மலிவான செட்டைக் கண்ணால் பார்த்ததுமே அதன் மதிப்பெண் இறங்கிவிட்டது. பழகிய காதுகளும் இதில் தப்பவில்லை.

அப்புறம் அறை. இதைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. 200 ஹெர்ட்ஸுக்குக் (நொடிக்கு 200 அதிர்வு) கீழே பேஸை, அதாவது தாழ்ந்த கனத்த ஒலியை, பெரும்பாலும் தீர்மானிப்பது அறைதான். இரு சுவர்களுக்கு நடுவே 10 அடி என்றால், 56 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும் பேஸ் சுவரோரம் தொம்மென்று அதிரும், நடு அறையில் காணாமல் போகும். லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் இதற்கு விலக்கல்ல. சோபாவை ஓர் அடி நகர்த்திப் பாருங்கள், செலவே இல்லை. டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்றால் கனமான திரைச்சீலையும் விரிப்பும் போட்டால் கூச்சல் அடங்கும்.

பெரிய ஹால், சத்தமாகக் கேட்கும் பழக்கம் என்றால் சரி, கூடுதலாகச் செலவழிக்கலாம். கேபிளுக்கு மட்டும் வேண்டாம். தடிமனான சாதாரண செம்பு வயர் போதும்.