கோயில்பிள்ளை பதில்கள்

நாற்பத்தொரு ஆண்டுகள் ஒரே கத்தோலிக்கக் கோயிலின் சாவிக்கொத்து என் இடுப்பில் கிடந்தது. இப்போது அது இளையவர் ஒருவரிடம் போய்விட்டது. கேள்விகள் மட்டும் இன்னும் என்னிடமே வருகின்றன. நான் குருமடத்தில் படித்தவன் அல்லன். மணியடித்து, மெழுகுதிரி ஏற்றி, பூசைக் குறிப்பேடு எழுதி, கண்டும் கேட்டும் அறிந்ததைச் சொல்கிறேன். சட்டம் வரும் இடங்களில் மட்டும் பங்குத்தந்தையின் அலமாரிப் புத்தகத்தைத் திறந்து சரிபார்த்துக்கொண்டேன். இன்னொன்று: ‘திருப்பலி’ என்று எழுதச் சொல்லி ஆசிரியர் குழுவினர் மூன்று முறை கேட்டுவிட்டார்கள். என் கைக்குப் ‘பூசை’தான் வருகிறது.

நான் அரசு மருத்துவமனையில் செவிலி. ஞாயிறு காலை வேலை இருந்தால் சனி மாலைப் பூசைக்குப் போய்விடுவேன். “சனிக்கிழமை கண்ட பூசை சனிக்கிழமைக்குத்தான்” என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
— ஒரு செவிலி, பாளையங்கோட்டை

நீங்கள் செய்வதுதான் சரி. ஆனால் இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் மாமியார் முன் விரித்துவிடாதீர்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248ஆம் எண், ஞாயிறன்றோ அதற்கு முந்தின நாள் மாலையிலோ பூசையில் பங்குகொண்டால் ஞாயிறு பூசை காணும் கடன் தீர்ந்தது என்கிறது. யூதர் கணக்கில் பொழுது சாய்ந்ததுமே மறுநாள் பிறந்துவிடும். நம் திருநாள்களும் அந்த வழக்கத்தையே பிடித்துக்கொண்டு வருகின்றன.

உங்கள் மாமியார் வளர்ந்த காலம் வேறு. மாலையில் பூசை என்பதே 1953இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அனுமதித்த பிறகு பரவியது. அதற்கு முன், நன்மை (பூசையில் குரு கொடுக்கும் அப்பம்) வாங்குகிறவர் நள்ளிரவிலிருந்து ஒன்றும் உண்ணாமல் இருக்க வேண்டும் என்பதால் எல்லாப் பூசையும் காலையிலேயே முடிந்துவிடும். நோன்பு 1957இல் மூன்று மணி நேரமாகவும் 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. 1963இல் ஒன்பது வயதில் நான் பீடச்சிறுவனாகச் சேர்ந்தபோது, தமிழ் எழுத்தில் எழுதிய இலத்தீன் அட்டையைக் கையில் கொடுத்தார்கள். ‘அத் தேவும் குயி லேத்திபிக்காத் யுவெந்தூத்தெம் மேயாம்.’ பிழையில்லாமல் சொன்னால் உபதேசியார் ஒரு பனங்கற்கண்டு தருவார். ‘என் இளமைக்கு மகிழ்ச்சி தரும் இறைவனிடம்’ என்பது அதன் பொருள் என்று தெரிந்தபோது பூசை தமிழுக்கு வந்துவிட்டது, பனங்கற்கண்டும் நின்றுவிட்டது.

என் கணவரின் முதலாண்டு நினைவுக்குக் காணிக்கை கொடுத்துப் பூசை பதிவு செய்தேன். அன்று போனால் பதினான்கு பெயர்களை வாசித்தார்கள். அவர் பெயர் ஒன்பதாவது, அதுவும் தப்பாக. என் பூசை எங்கே போனது?
— ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பெயரைத் தப்பாக வாசித்ததற்கு முதலில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கோயிலானாலும் சீட்டு எழுதிக் கொடுப்பவர் பெரும்பாலும் என் போன்ற ஒருவர்தான். ஒருமுறை என் கையெழுத்தை நம்பிய புதுக் குரு ஒருவர், முன் பெஞ்சில் உயிரோடு உட்கார்ந்திருந்த பெரியவரை இறந்தோர் வரிசையில் வாசித்துவிட்டார். அவர் கேட்டதோ நன்றிப் பூசை. முடிந்ததும் என்னிடம் வந்து, “எல்லாம் நன்றாக இருந்தது தம்பி, கொஞ்சம் முந்திவிட்டீர்கள்” என்றார்.

இனி உங்கள் கேள்வி. ஒருவருக்காகக் காணிக்கை வாங்கினால், அது எவ்வளவு சிறியதானாலும், அவருக்கென்று தனிப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும். அதே சட்டத் தொகுப்பின் 948ஆம் எண் அப்படித்தான் சொல்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு குரு சாதாரணமாக நாளுக்கு ஒரு பூசைதான் செய்யலாம். குரு ஒருவர், கேட்பவர்கள் பதினான்கு பேர், எல்லோருக்கும் அதே ஞாயிறு வேண்டும். எனவே பலருடைய கருத்துகளை, அதாவது யாருக்காகப் பூசை என்ற வேண்டுதல்களை, சேர்த்து ஒரே பூசையாக வைக்கும் வழக்கம் வந்தது. அதைக் கட்டுக்குள் வைக்க 1991இல் ரோமையிலிருந்து ஓர் ஆணை வந்தது: காணிக்கை கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி அவர் சம்மதம் பெற வேண்டும், நாளும் நேரமும் இடமும் எல்லோருக்கும் தெரிய வேண்டும், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது, குரு ஒரு காணிக்கையை மட்டுமே தமக்கு வைத்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் 20, பாஸ்கு ஞாயிறன்று நடைமுறைக்கு வந்த புதிய ஆணை, இப்படிச் சேர்த்து வைக்கலாமா என்பதை அந்தந்தத் திருச்சபை மாகாணத்தின் ஆயர்கள் கூடி முடிவுசெய்யும்படி விட்டது. ஆனால் கொடுப்பவருக்குத் தெரிந்து, அவர் மனமார ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்ற இடத்தில் அதுவும் தளரவில்லை.

ஆகவே உங்களிடம் யாராவது சொன்னார்களா, நீங்கள் சரி என்றீர்களா என்பதுதான் கேள்வி. சொல்லவில்லை என்றால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அலுவலகத்தில் இருக்கும் பையனிடம் கேட்காதீர்கள். அவன் ரசீதுப் புத்தகத்தைத்தான் பார்ப்பான். பங்குத்தந்தையையே பாருங்கள். “அவருக்கென்று தனிப் பூசை வேண்டும், எந்த நாள் கிடைக்கும்?” என்று கேளுங்கள். குறிப்பேட்டை எழுதியவன் என்ற முறையில் ஓர் இரகசியம் சொல்கிறேன்: திங்கள்கிழமை காலைப் பக்கங்கள் அநேகமாகக் காலியாகவே கிடக்கும். பத்துப் பேர் இருக்கும் கோயிலில், குரு அவசரமில்லாமல் அந்த ஒரு பெயரைச் சொல்வார். என் தாயாருக்கு நான் திங்கள்கிழமைதான் கேட்பது.

பணமில்லாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். காணிக்கை கொடுக்க முடியாத ஏழைகளின் கருத்துக்காகவும் பூசை வைக்கும்படி சட்டமே குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. ஒரு பாட்டி ஆறு முட்டைகளை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, “இதுக்கு எவ்வளவு பூசை வரும்?” என்று கேட்டார். அப்போதிருந்த சாமியார் குறிப்பேட்டில் ஒரு முழுப் பூசையை எழுதச் சொன்னார். காணிக்கை என்ற கட்டத்தில் நான் ‘முட்டை 6’ என்றே எழுதினேன். தணிக்கைக்கு வந்தவர் அதில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மேலும், ஞாயிறுதோறும் ஒரு பூசையைப் பங்குத்தந்தை தம் மக்கள் அனைவருக்காகவும் ஒப்புக்கொடுத்தாக வேண்டும். அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

பூசை நடக்கும்போது ஆண்கள் பலர் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள். இவர்களை என்னதான் செய்வது?
— பங்குப் பேரவை உறுப்பினர், வள்ளியூர்

ஒலிபெருக்கியை உள்ளே மட்டும் வையுங்கள். நாங்கள் அப்படிச் செய்தபோது பாதிப் பேர் உள்ளே வந்தார்கள். மீதிப் பேருக்கு மறையுரை கேட்காதது பெரிய ஆறுதலாக இருந்ததாம். மரத்தை வெட்டலாம் என்று ஒருவர் பேரவையில் சொன்னார். நல்ல வேளை, தீர்மானம் தோற்றது.

நான் இந்து. குழந்தை வரம் வேண்டிச் செவ்வாய்தோறும் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குப் போகிறேன். சென்ற வாரம் எல்லோரும் வரிசையில் போனதைப் பார்த்து நானும் போய் அப்பத்தை வாங்கி உண்டுவிட்டேன். வாங்கக்கூடாது என்று பிறகுதான் சொன்னார்கள். தெய்வக் குற்றம் ஆகிவிட்டதா?
— ஒரு வாசகி, கோவில்பட்டி

இல்லை அம்மா. தெரியாமல் செய்தது குற்றமாகாது. இதற்காக ஒரு வாரம் தூங்காமல் இருந்தீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். புளியம்பட்டியிலும் உவரியிலும் செவ்வாய்க் கூட்டத்தில் யாரும் யாரையும் மதம் கேட்பதில்லை. அந்தோணியார் 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை பதுவை நகருக்கு அருகே இறந்தார். 17ஆம் தேதி செவ்வாயன்று அடக்கம் செய்தார்கள். அதனால்தான் செவ்வாய் அவருடைய நாளாயிற்று.

அங்கே இரண்டு அப்பம் உண்டு என்பதைத்தான் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நேர்ச்சையாகக் கொண்டுவந்து கொடுக்கும் ரொட்டி எல்லோருக்கும் உரியது. வாங்குங்கள், வீட்டுக்கும் கொண்டுபோங்கள். பீடத்தில் குரு கொடுக்கும் மெல்லிய வெள்ளை அப்பம் வேறு. அது கிறிஸ்துவின் உடல் என்பது எங்கள் விசுவாசம். திருமுழுக்குப் பெற்று, படித்து, ஆயத்தம் செய்த பிறகே அதை வாங்கலாம். உங்களைக் குறைவாக எண்ணிச் சொல்வது அல்ல இது; கைக்குழந்தையாகவே ஞானஸ்நானம் பெற்ற என் பேத்திக்கும் புதுநன்மை (முதன்முதலாக நன்மை வாங்கும் நாள்) வரும்வரை கிடையாது. வரிசையில் வர ஆசையாக இருந்தால் கைகளை நெஞ்சின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் கோயிலில் அப்படி வருபவருக்குத் தலையில் கைவைத்து ஆசீர் கொடுப்பார்கள்.

நன்மை கொடுக்கும்போது பக்கத்தில் நின்று, வாங்கியவர் வாயில் போடுகிறாரா என்று பார்ப்பது என் வேலை. ஒரு செவ்வாயன்று ஓர் இளம்பெண் அதைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார். பின்னாலேயே ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் பிடித்து, குரலை உயர்த்திவிட்டேன். அழுதுகொண்டே கைக்குட்டையை நீட்டினார். மருத்துவமனையில் காய்ச்சலில் கிடக்கும் தன் பிள்ளையின் வாயில் போடக் கொண்டுபோகிறாராம். சாமியாரிடம் அழைத்துவந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பூசை உடுப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண்ணோடு அடுத்த பஸ்ஸில் ஏறி மருத்துவமனைக்குப் போனார். அன்று நான் குரல் உயர்த்தியது இன்றும் என் காதில் கேட்கிறது.

பெண் பிள்ளைகள் பீடத்தில் உதவி செய்யலாமா? எங்கள் ஊரில் பெரியவர்கள் எதிர்க்கிறார்கள்.
— பத்தாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில் அருகே

ஆயர் இசைந்தால் செய்யலாம் என்று 1994இலேயே ரோமை சொல்லிவிட்டது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், வாசகர், பீடத்துணைவர் ஆகிய நிலையான பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டார். பெரியவர்களிடம் ஒன்று கேள்: பீடத் துணியைத் துவைப்பது யார்? பூ கட்டுவது யார்? சனிக்கிழமை கோயிலைக் கூட்டுவது யார்?

எங்கள் கிளைக் கிராமத்துக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் குரு வருகிறார். மற்ற ஞாயிறுகளில் கோயிலைப் பூட்டியே வைத்திருக்கிறோம். சரிதானா?
— ஆசிரியர், திசையன்விளை பகுதி

பூட்டாதீர்கள். பக்கத்துக் கோயில் பூசைக்குப் போகக்கூடியவர்கள் போகட்டும். முடியாதவர்களுக்கு மணியடித்து, அன்றைய வாசகங்களை வாசித்து, மன்றாட்டும் செபமாலையும் சொல்லுங்கள். குரு இல்லாத இடத்தில் இப்படி வார்த்தை வழிபாடு நடத்துவதைச் சட்டமே பரிந்துரைக்கிறது.

இது நம் கரைக்குப் புதிதும் அல்ல. 1542இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது குருக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருக்குத் தமிழும் தெரியாது. மொழி தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். ஞாயிறன்று ஆணும் பெண்ணும் சிறுவரும் கோயிலில் கூடிச் செபம் சொன்னதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் அடுத்த ஊருக்குப் போனதும் அதை விடாமல் நடத்த ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை ஏற்படுத்தினார். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து? போர்த்துக்கல் அரசியின் செருப்புச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4000 பணத்தை (‘பணம்’ என்பது அன்றைய நாணயம்) கேட்டு வாங்கினார். அரசியின் காலணிக் காசில் சம்பளம் வாங்கிய அந்தக் கணக்கப்பிள்ளைகள்தான் என் தொழிலின் பாட்டன்மார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆசிரியரே, வாசிக்கத் தெரிந்த நீங்கள் இருக்கும்போது கதவுக்கு ஏன் பூட்டு?

முழங்கால் வலியால் கோயிலுக்குப் போக முடியவில்லை. மகன் கைப்பேசியில் நேரலைப் பூசை போட்டுத் தருகிறான். அது கணக்கில் சேருமா?
— 78 வயது வாசகி, வடக்கன்குளம்

உங்களுக்குக் கணக்கே இல்லை. நோயால் போக முடியாதவரை ஞாயிறு கடன் கட்டுப்படுத்தாது. ஆகவே கைப்பேசிப் பூசையைக் கடனுக்காகப் பார்க்க வேண்டாம், ஆசைக்காகப் பாருங்கள். அசிசி நகரத்துப் புனித கிளாரா நோயில் படுத்திருந்த கிறிஸ்துமஸ் இரவில், தொலைவில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டாராம். அதனால் 1958இல் அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக அறிவித்தார்கள்.

ஆனால் கைப்பேசி நன்மை கொடுக்காது. உங்கள் அன்பியத் (அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக் குழு) தலைவியிடம் சொல்லியனுப்புங்கள். குருவோ, அனுமதி பெற்ற நற்கருணைப் பணியாளரோ வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, மெழுகுதிரி போதும். முறுக்குச் சுட வேண்டாம். முந்தின நாள் முழுவதும் அடுப்படியில் நின்று முழங்காலை இன்னும் கெடுத்துக்கொண்ட பாட்டிகளை நான் அறிவேன்.

ஓய்வுபெற்ற பிறகு பூசையில் எங்கே உட்காருகிறீர்கள்?
— பெயர் வேண்டாம், உங்கள் ஊர்க்காரன்தான்

உட்கார வராது தம்பி. நாற்பத்தொரு ஆண்டுகள் சக்கிறீஸ்து (பூசைப் பொருள்கள் வைக்கும் அறை) வாசலில் நின்றே பூசை கண்டவன். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முகமும் தெரியும். யார் எந்த இடம் என்பது மனப்பாடம்; வந்தவர்களை எண்ண வேண்டியதில்லை, வராதவர் இடம் தானாகக் கண்ணில் படும். இப்போது பக்க வாசல் படியில் நிற்கிறேன். அங்கிருந்தும் முக்கால்வாசி தெரிகிறது.

போன ஞாயிறு இரண்டாம் தூணோரம் காலியாக இருந்தது. உன் சித்தி. பூசை முடிந்ததும் போய்ப் பார்த்தேன்; குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டேன், வியாழக்கிழமை காலைப் பூசைக்குப் பிறகு நன்மை கொண்டுவருகிறார். மேசை கிடக்கிறது. மெழுகுதிரி இல்லை, நீ வரும்போது இரண்டு வாங்கி வா.