சிக்னலில் நின்றால் வண்டி ஆஃப் ஆகிறதா?

கேள்வி: என்னுடையது 100 சிசி பைக். சூடான பிறகும், ஆக்சிலரேட்டரை விட்டதும் ஆஃப் ஆகிவிடுகிறது. கார்புரேட்டரில் இரண்டு ஸ்க்ரூ தெரிகிறது. எதைத் திருக வேண்டும்? நானே செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், ஒரு மைனஸ் திருப்புளி போதும். பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள். குளிர்ந்த இன்ஜினில் வைத்த ஐட்லிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்), சூடானதும் எகிறிவிடும். சோக் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் லீவர்) முழுதாக விடுபட்டிருக்கிறதா, ஆக்சிலரேட்டர் பிடியில் 2 முதல் 6 மி.மீ. வரை லூஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேபிள் இழுத்துப் பிடித்திருந்தால் என்ன திருகினாலும் ஐட்லிங் ஒரே அளவில் நிற்காது.

ஸ்பிரிங் வெளியே தெரிய, விரலால் பிடிக்கும்படி பெரிதாக இருப்பது ஐட்லிங் ஸ்க்ரூ. ஆக்சிலரேட்டரைத் திருகும்போது காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடை அது உள்ளே தாங்கி நிற்கிறது. உள்ளே திருகினால் ரேஸ், அதாவது இன்ஜின் வேகம், கூடும், அவ்வளவுதான் அதன் வேலை. சிறியது, பெரும்பாலும் குழிக்குள் இருப்பது, ஐட்லிங் சமயத்தில் பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. எல்லோரும் முன்னதையே திருகுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் பின்னதில்தான் இருக்கும்.

இன்ஜினை அணைத்துவிட்டு, சிறிய ஸ்க்ரூவை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிக்கொண்டே உள்ளே திருகுங்கள். அந்த எண்ணை எழுதி வையுங்கள். வேலை கெட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப அதுதான் வழி. முனை தட்டியதும் நிறுத்திவிடுங்கள். அது ஊசி போல மெல்லியது. இறுக்கினால் முனை ஒடியும், அல்லது அது உட்காரும் துளை அகன்றுவிடும். பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கைச் சற்றுத் தூக்கலாக வைத்துக்கொண்டு, சிறிய ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாக நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுத்துச் சத்தத்தைக் கவனியுங்கள். ரேஸ் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் இறங்கத் தொடங்கும். உச்சத்தில் இருந்த இடத்துக்குத் திரும்பி, பெரிய ஸ்க்ரூவால் ஐட்லிங்கைக் குறையுங்கள். குறைத்த பிறகு உச்சம் கொஞ்சம் நகர்ந்திருக்கும் என்பதால் இன்னொரு தடவை இதையே செய்யுங்கள். சிறிய பைக்குகளுக்குப் பொதுவாக 1,300 முதல் 1,500 ஆர்பிஎம் சரி. கடைசியாக ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ரேஸ் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது.

கேள்வி: சிறிய ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் கூடுமா, குறையுமா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டுமே உண்மை, கார்புரேட்டரைப் பொறுத்தது. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது. உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோல் விகிதம் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் நேர்மாறு.

கேள்வி: மூன்று சுற்று வெளியே எடுத்தும் ஐட்லிங்கில் எந்த மாற்றமும் இல்லை. சோக்கைப் பாதி இழுத்தால் மட்டும் ஆஃப் ஆகாமல் ஓடுகிறது. வண்டி சில மாதம் ஓடாமல் இருந்தது.

பதில்: ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் சிறு பித்தளைக் குழாயான பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. தேங்கிய பெட்ரோல் காய்ந்து பிசினாகிவிடும். அந்த ஜெட்டின் துளையோ அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெட்ரோல் டேப்பை மூடி, அருகில் நெருப்பு இல்லாத இடத்தில் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கார்ப் கிளீனரும் காற்றும் போதும். மிஞ்சினால் மின் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை. ஊசியும் எஃகுக் கம்பியும் வேண்டாம், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். சிறிய ஸ்க்ரூவைக் கழற்றினால் ஸ்பிரிங், குட்டி வாஷர், ஓ-ரிங் எல்லாம் வரிசையாக வந்தனவா என்று பாருங்கள். ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டு, ஊதும்போது பறந்து தொலைவது வழக்கம். அது இல்லாமல் மாட்டினால் அந்த வழியே காற்று புகும்.

கேள்வி: ஆக்சிலரேட்டரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்குவதில்லை.

பதில்: கேபிள் சிக்காமல் திரும்புகிறது என்றால், எங்கோ கூடுதல் காற்று புகுகிறது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் பைப்பைப் பாருங்கள்; வெடிப்பு, தளர்ந்த கிளாம்ப் இரண்டும் அடிக்கடி வரும். ஓடும் இன்ஜினில் அந்த இணைப்பின் மீது துளித்துளியாகத் தண்ணீர் தெளியுங்கள், சைலன்ஸரில் படாமல். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். ரேஸ் ஒரேயடியாகக் கீழே விழுந்து பிறகு மீண்டால், பெட்ரோல் கூடுதல் என்று பொருள். ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: ஐட்லிங்கைக் கூட்டி வைத்து ஓட்டினால் என்ன?

பதில்: முதல் கியர் 'டங்' என்று விழும், பெட்ரோல் வீணாகும், ஆக்சிலரேட்டரை விட்டும் வண்டி தள்ளிக்கொண்டே போகும். கார்புரேட்டர் சுத்தமாக இருந்தும் கூட்டி வைத்தால்தான் ஆஃப் ஆகாமல் ஓடுகிறதென்றால் டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் விடும் சிறு இடைவெளி), குளிர்ந்த இன்ஜினில், ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்துப் பார்க்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். வால்வு முழுதாக மூடாத இன்ஜினுக்குக் குறைந்த வேகத்தில் கம்ப்ரஷன் போதாது.